வேலுத்தாய் வெட்டிய கவுதாரி

வேலுத்தாய்க்கும் அவள் புருஷனின் அண்ணன் தங்கச்சாமிக்கும் ஆகாது. கோவில்பட்டி பஜாரில் இது எல்லோருக்கும் தெரியும். எதிரெதிரே வந்தால் ஒருவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். பெரும்பாலும் தங்கச்சாமிதான் கடப்பார். வேலுத்தாய் நின்று முறைப்பாள்.

தங்கச்சாமி துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் வைத்திருந்தவர். விளாத்திகுளம், புதூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருந்த விவசாயச் சம்சாரிகள் அவரைத் தேடித்தான் வருவார்கள். குழலைச் சுத்தம் செய்வது, விசையைச் சரிக்கட்டுவது, கட்டை மாற்றுவது எல்லாம் அவர் கை. பழைய சீமைத் துப்பாக்கிகளின் பக்கத் தகட்டில் நாயும் பறவையும் கொடியும் வெட்டியிருக்கும். அது தேய்ந்துபோனால் மறுபடி வெட்டித் தருவது தம்பி இசக்கிராஜா என்று பெயர். உண்மையில், உள்ளறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்டியது அவன் மனைவி வேலுத்தாய். அவள் அப்பா நகைக்குச் சித்திரம் வெட்டுகிறவர். சித்துளி பிடிக்க அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்தனுப்பியதும் ஒரு பெட்டி உளிதான்.

தொண்ணூற்று நாலில் எட்டயபுரம் ரோட்டில் லாரி மோதி இசக்கிராஜா செத்துப்போனான். காரியம் முடிந்து வேலுத்தாய் கடைக்கு வந்தபோது, தங்கச்சாமி வாசலிலேயே மறித்தார்.

"பொம்பள துப்பாக்கிக் கடையில உக்காந்தா போலீஸ்காரன் லைசென்ஸப் பிடுங்கிருவான். வீட்டுக்குப் போ."

"இத்தன வருசம் திரைக்குப் பின்னால உக்காந்தது யாரு? ஆம்பளையா?"

"அது தம்பி வேல. உன் வேலைன்னு எவன் சொன்னான்?"

"சரி, என் உளிப்பெட்டியத் தாங்க."

"கடையில இருக்கிறது கடைக்குச் சொந்தம்."

அன்றைக்கு அவள் தெருவில் நின்று கத்தியதை பஜாரே வேடிக்கை பார்த்தது. அதன்பின் ஒரு பாத்திரக் கடை வாசலில் எவர்சில்வர் தூக்குச்சட்டிகளில் பேர் வெட்டிப் பிழைத்தாள். மெஷினில் புள்ளி புள்ளியாக வெட்டும் அந்த வேலையை அவள் வெறுத்தாள். யாராவது பேரத்துக்கு நின்றால் பாத்திரத்தைத் தள்ளிவிடுவாள்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், புதூர்ப் பக்கத்துச் சங்கரபாண்டியன் தன் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தங்கச்சாமியிடம் கொண்டுவந்தார். பருத்திக் குடோனில் ஈரச்சாக்கில் கிடந்து தகடெல்லாம் துரு. ஒரு பக்கம் நாய், மறுபக்கம் கவுதாரிக் கூட்டம். இரண்டும் பாதி அழிந்திருந்தன. வெட்டு வேலைக்குத் தங்கச்சாமி நகைப்பட்டறை செல்வகணேஷைக் கூட்டி வந்தார். அவனுக்குத் தங்கம் பழக்கம், இரும்பு பழக்கமில்லை. கெட்டித் தகட்டில் உளி வழுக்கி நாயின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. கவுதாரி ஒன்றுக்கு மயில்போல வால் நீண்டுவிட்டது.

சங்கரபாண்டியன் அதைப் பார்த்துக் கொதித்தார். "எங்க தாத்தா நாயி காத அறுத்துட்டியேலே! முன்னால எங்க மச்சான் துப்பாக்கிக்கு வெட்டுனது யாரு?"

"எந்தம்பி. செத்துப்போனான் அண்ணாச்சி."

"பொய் சொல்லாத. அன்னைக்குத் திரைக்கு அடியில வளையல் போட்ட கையப் பாத்தேன்."

தங்கச்சாமி கந்தல் துணியை எடுத்துக் குழலைத் துடைக்கத் தொடங்கினார். சங்கரபாண்டியன் பஜாரில் விசாரித்துக்கொண்டு நேரே பாத்திரக் கடைக்குப் போனார்.

"ஏம்மா, துப்பாக்கித் தகட்டுல வெட்டுறது நீதானா?"

"இப்பத் தூக்குச்சட்டியில வெட்டுதேன். பேரச் சொல்லுங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"துப்பாக்கியத் துருப்பிடிக்க விட்டவியன்னு தெரியுது."

அவருக்கு முகம் சிவந்தது. திரும்பி நாலடி நடந்தவர், மறுபடி வந்தார். "என்னதான் வேணும் உனக்கு?"

"என் உளிப்பெட்டி. திரை கூடாது, வாசப்பக்கம் உக்காந்துதான் வெட்டுவேன். வேல முடிஞ்சதும் பெட்டி எங்கூட வரும். இத அவிய வாயால சொல்லணும்."

தங்கச்சாமி சொன்னார். சங்கரபாண்டியன் பக்கத்தில் நின்றதால் சொன்னார். அவர் பல்லைக் கடித்தது தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

துப்பாக்கிச் சாமான் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பதால் அவள் அங்கேயே வந்து வேலை பார்த்தாள். இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. முதலில் தகட்டை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். விளக்கு மையைத் தடவி, மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து, பழைய கோட்டில் எது மிச்சம் என்று பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தகடு கெட்டியா இருக்கு. நெருப்புல போட்டு இளக்கித் தந்தாத்தான் உளி ஏறும். இதுகூடத் தெரியாம ஒருத்தன் கையில கொடுத்திருக்கு."

தங்கச்சாமியும் சுவருக்கே பதில் சொன்னார். "எல்லாம் தெரியும். வாய மூடிக்கிட்டு வேலையப் பாக்கச் சொல்லு."

கரி உலையில் அவர் தகட்டை இளக்கிக் கொடுத்தார். அதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். கிழிந்த காதின் இருபுறமும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கீறலை மூடினாள். கல்லில் இழைத்து, புதிதாகக் காதை வெட்டினாள். மயில் வாலையும் அப்படியே மூடினாள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று நிமிராமலே சொல்வாள். தங்கச்சாமி உள்ளே எதையாவது ஓங்கிப் போட்டு உடைப்பார்.

கடைசியில், இளக்கிய தகடு மறுபடி கெட்டிப்பட, அவர் அதை எலும்புக்கரியில் புதைத்துச் சுட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்தார். நீலமும் பழுப்பும் ஓடிய தகட்டில் கவுதாரிகள் கரிசல் காட்டிலிருந்து அப்போதுதான் எழும்பியதுபோல இருந்தன. சங்கரபாண்டியன் தகட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் மனுசங்க மாதிரி இருந்தா என்ன?" என்றார்.

இருவருமே அவரை முறைத்தார்கள்.

வேலுத்தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த வாரமே கடைச் சாமானைத் திருடிவிட்டாள் என்று தங்கச்சாமி புகார் கொடுத்தார். ஸ்டேஷனுக்குச் சங்கரபாண்டியனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "இந்தாளு எம் முன்னாலதான் ஒத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு, அவர் தங்கச்சாமியை ஏறிட்டும் பார்க்காமல் வெளியே போனார். புகார் அத்தோடு நின்றது. சித்திரத் துப்பாக்கி வேலையும் தங்கச்சாமிக்கு நின்றது; கொண்டுவருகிறவர்கள் எல்லாம் அந்தம்மா வெட்டுவாளா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் மதுரைக்குப் போய்விட்டார்கள். வேலுத்தாய்க்குக் கோயில் வெள்ளிக் கவச வேலை வரத் தொடங்கியது. மெஷினை விற்றுவிட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில் தங்கச்சாமியின் மகள் பானுவுக்குக் கல்யாணம். அவர் மனைவி சுந்தரம்மாள் சீர்ப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு வேலுத்தாய் வீட்டுக்கு வந்தாள். வேறு யார் வெட்டினாலும் பானுவுக்குப் பிடிக்கவில்லையாம்.

வேலுத்தாய் எல்லாவற்றிலும் பானு பேரை வெட்டினாள். ஓரத்தில் கொடிகூட ஓட்டினாள். பெரிய அண்டாவில் 'அன்பளிப்பு தங்கச்சாமி' என்று வெட்டச் சொன்னபோது உளியைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைக்கு வெட்டியாச்சு. அவிய பேர என் கை வெட்டாது."

"சாவுற மட்டும் இப்படியேவா வேலுத்தாயி?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அண்டாவை அவளே வாசல்வரை தூக்கிவந்து வைத்தாள். கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. யாரும் பத்திரிகையும் வைக்கவில்லை.