கீ குடாநாட்டில் மகளின் வீடு

மகள் யப்பானுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கப் போனபோது, சுவிசில் துன் ஏரிக்கரை ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் நான், வருச லீவைத் துண்டு துண்டாக வெட்டி அவளிடம் போய் வரத் தொடங்கினேன்.

அவள் இருந்தது கீ குடாநாட்டில். வீட்டுக்குப் பின்னால் மலை, முன்னால் கடல், இடையில் ஒரே ஒரு தெரு. முதல் தரம் போனது வசந்தத்தில். மலையெல்லாம் பூ. நானோ இரண்டு நாளில் வீட்டை நாலு தரம் கூட்டி முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு வாசலையும் கூட்டத் தொடங்கிவிட்டேன்.

"அம்மா, ஒரு இடத்தில இருங்கோவன்!"

இருக்க முடியவில்லை. பின்னேரம் தெருக் கம்பத்து ஒலிபெருக்கி திடீரென்று அலறியதும் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டேன். அது பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரத்தைச் சொல்லும் பாட்டாம். வெட்கத்தில் டிக்கெட்டை மாற்றி, மூன்று நாள் முந்தியே திரும்பினேன். துன்னிலும் கால் தரிக்கவில்லை. ஆவணியில் மறுபடி போனேன். மகள் நீந்த, நான் கடலுக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

புரட்டாதியில் நான் அங்கே நின்றபோது சூறாவளி வந்தது. மேட்டிலிருந்த பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஊரே ஏறியது. எல்லாரும் பாயில் அமைதியாக இருந்தார்கள். நான் மட்டும் கதவுக்கும் சுவருக்கும் நடந்தேன்.

மகள் கையைப் பிடித்து இருத்தினாள். "ஏனம்மா நீங்கள் கடலைப் பாக்கிறதே இல்லை?"

"சண்டைக் காலத்தில நாங்கள் ஊரை விட்டு நீரேரியைக் கடக்கேக்க, நேவிக்காரர் படகுக்குச் சுட்டவங்கள். தம்பி தண்ணிக்குள்ள விழுந்திட்டான். படகோட்டி நிப்பாட்டேல்லை. நானும் நிப்பாட்டச் சொல்லேல்லை."

எனக்கு ஒரு தம்பி இருந்ததே அவளுக்குத் தெரியாது. "மாமாவின்ர பேர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். முப்பது வருசத்துக்குப் பிறகு அந்தப் பேர் என் வாயில் வந்தது. வெளியே காற்று கூரையைப் பிய்த்தது.

மார்கழியில் கடலுக்கு மேலேயுள்ள சரிவில், அவளுடைய சிநேகிதி வீட்டுத் தோட்டத்தில் தோடம்பழம் பிடுங்கினோம். கீழே தண்ணீர் வெள்ளியாய்க் கிடந்தது. பார்த்தேன்.

"போவமோ?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ, அம்மா."

நின்றேன், கூடையை இறுகப் பிடித்தபடி.

இப்போது அவளுடைய ஒப்பந்தம் முடிந்து, சுவிசிலேயே பாடனில் வேலை கிடைத்து வந்துவிட்டாள். சந்தோசம்தான். ஆனாலும் போன கிழமை, மறுபடி யப்பான் போக லீவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

"அங்க இனி ஆரம்மா இருக்கினம்? தனியப் போய் என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாள்.

"தெரியேல்லைப் பிள்ளை," என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்று.