இலக்கு டீச்சர்

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவளுக்கு 'இலக்கு டீச்சர்' என்று பெயர் விழுந்து பல வருடமாகிறது. முதலில் கிண்டலாகத்தான் வைத்தார்கள். பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது. வாசல் காவலாளிகூட, "இலக்கு டீச்சரா? மாடியில இருக்காங்க, போங்க" என்றுதான் வழி சொல்வார்.

அதற்கு முன்னால் அவள் வெறும் கணக்கு டீச்சர். சாக்பீஸ் தூளும் இருமலுமாக ஒரு பள்ளியில் இருந்தவளை, கூட்டமொன்றில் வாயைத் திறந்தது இங்கே கொண்டுவந்து போட்டது. அப்போதைய இயக்குநர் மாவட்டத்தின் ஆண்டுத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். இவள் எழுந்து, "சார், போன வருஷத் திட்டத்துல சொன்னது நடந்துச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்போம்?" என்று கேட்டுவிட்டாள்.

இயக்குநர் வயதான பெரியவர்; கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கண்டுபிடிக்க மாட்டோம்மா. வேணும்னா நீங்க வந்து கண்டுபிடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் திட்டப் பிரிவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

திட்டப் பிரிவு என்றால் இரண்டாம் மாடியில் கழிப்பறைக்கு எதிரே ஓர் அறை. சாயும் மேசை ஒன்று, இரும்பு பீரோ மூன்று, ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை. பீரோவில் இருந்த பழைய திட்டங்களைப் புரட்டினாள். எல்லா அட்டைகளிலும் குழந்தைகள் பல் தெரியச் சிரித்தார்கள். உள்ளே அதே வாக்கியங்கள், ஆண்டு மட்டும் மாறியிருந்தது. ஒன்றில் அதை மாற்றக்கூட மறந்துபோயிருந்தார்கள்.

இந்த முறை அப்படி இருக்கக்கூடாது என்று அவள் மனதுக்குள் ஒரு பிடிவாதம் புகுந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுத மாட்டேன், பள்ளி பள்ளியாகப் போய் ஜனங்களைக் கேட்டுத்தான் எழுதுவேன் என்றாள். பெரியவர் ஜீப் கொடுத்தார். இவள் சார்ட் அட்டைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "நம்ம வீட்டுக்கும் ஒரு ஐந்தாண்டுத் திட்டம் போடேன். முதல் இலக்கு, சமையலறைக் குழாய் ஒழுகுறது நிக்கணும்" என்பார். அவளும் சிரிப்பாள். அந்த நாட்களில் அவளுக்குச் சிரிப்பு சுலபமாக வந்தது.

பட்டறைத் தெருப் பள்ளிக்கும் போனாள். அங்கே தலைமையாசிரியை அவளுடைய கூடப்பிறந்த அக்காதான். வெல்டிங் பட்டறைகளுக்கு நடுவில் ஐந்து வகுப்பறை. வெளியே இரும்பு அடிக்கும் சத்தம் நின்றால்தான் உள்ளே பாடம். அன்றைக்கு வந்த பெற்றோரில் சலவைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், கை விரல்களெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்க, தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"என் பொண்ணு மருந்து அட்டையில இருக்கிறதைப் படிச்சு, எப்ப சாப்பிடணும்னு எனக்குச் சொல்லணும். பெரிய படிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அதுதான் திட்டத்தின் முதல் இலக்கானது. மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தைத் தானாகப் படித்து, அதன் பொருளைச் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளியில் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்களோ, அந்தப் பள்ளிக்கு முதலில் கூடுதல் ஆசிரியர். பெரியவர் எந்தத் திருத்தமும் செய்யாமல் கையெழுத்துப் போட்டார்.

எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பள்ளிகளே எழுதி அனுப்பும் முதல் கணக்கெடுப்பு வந்தபோது இவள் அக்கா வீட்டுக்கே போனாள்.

"அக்கா, மத்தவங்க எப்படியோ, நீயாவது உள்ளதை உள்ளபடி எழுது."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உள்ளதை எழுதினா என் பள்ளிக்கூடம் கடைசியில நிக்கும்டி."

"நின்னாத்தான் ஆள் கிடைக்கும். எங்க ஓட்டைன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும்?"

"கடைசியில நிக்கிறவனுக்குக் கை கொடுத்து நான் பாத்ததில்ல."

"இந்தத் தடவை திட்டம் என்னோடதுக்கா."

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "சரி. உனக்காக" என்றாள்.

பள்ளியின் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, அக்காவே படிக்கச் சொல்லிக் கேட்டாள். பாதிக்கு மேல் படிக்கவில்லை. அதை அப்படியே எழுதி அனுப்பினாள். மற்ற பள்ளிகளிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூறும் தொண்ணூற்றைந்துமாக வந்து குவிந்தது.

அதற்குள் பெரியவர் ஓய்வு பெற்றார். புது இயக்குநர் வந்தார். இளையவர், சுறுசுறுப்பானவர், யாரையும் அதட்டாதவர். வந்த வாரத்திலேயே அவள் தயாரித்த அட்டவணையை புரொஜெக்டரில் சுவரில் விழச் செய்து ஆய்வுக் கூட்டம் நடத்தினார். கீழே சிவப்பில் ஒரு கோடு. அதில் பட்டறைத் தெருப் பள்ளி.

"தெளிவா இருக்கு டீச்சர். இவ்வளவு தெளிவான திட்டத்தை நான் பாத்ததில்ல" என்றார். "கடைசியில இருக்கிற பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோட இணைச்சிடலாம்."

அவள் எழுந்தாள். "சார், அந்தப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர்னு திட்டத்துல இருக்கு."

"இணைச்சா, அங்க இருக்கிற ஆசிரியர்கள் எல்லாருமே அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல்தானே?"

பின் வரிசையில் யாரோ தலையாட்டினார்கள்.

"மத்த எண்ணெல்லாம் பொய் சார்" என்றாள்.

கூட்டம் முடிந்தபின் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பொய்னு நிரூபிச்சா மாவட்டமே விழும். மேல நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவள் நிரூபிக்கத்தான் கிளம்பினாள். கணக்கெடுப்பில் முதலிடம் பிடித்த பள்ளிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், ஒரு சிறுமியைப் படிக்கச் சொன்னாள். சிறுமி புத்தகத்தைப் பார்க்காமல் இவள் முகத்தையே பார்த்தபடி கடகடவென்று ஒரு பக்கத்தை ஒப்பித்தாள். இவள் தாளைத் திருப்பி, "இதைப் படிம்மா" என்றாள். குழந்தை விரலை முதல் எழுத்தில் வைத்தது. விரல் நகரவில்லை. உதடு மட்டும் துடித்தது.

"அந்தப் பக்கம் இன்னும் நடத்தல மேடம்" என்றார் தலைமையாசிரியர், ஓடி வந்து.

அன்றே அறிக்கை எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் முழுவதும் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லி இழுப்பறைக்குள் வைத்தார். அதோடு சரி.

அக்காவிடம் சொல்லும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். 'உங்க அக்காதானே, பக்குவமாச் சொல்லிடுவீங்க.' போனபோது அக்கா வராந்தாவில் ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். இவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நெடுஞ்சாலையை எப்படிடி தாண்டும் இந்த வாண்டுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அக்கா, நான் எவ்வளவோ..."

"விடு. நீ கேட்டே, நான் கொடுத்தேன்."

திட்டினால் தேவலை என்றிருந்தது. அக்கா திட்டவில்லை.

விதிப்படி பெற்றோரிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். அதே பள்ளியில், அதே சார்ட் அட்டைகளோடு அவள் நின்றாள். தலைமை அலுவலகம் அனுப்பிய தாளை வாசித்தாள். 'மேம்பட்ட கற்றல் சூழல்' என்ற இடத்தில் நாக்குக் குழறியது. சலவைக் கடைப் பெண் எழுந்தாள். கோபப்படவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

"போன தடவை வந்து, என்ன வேணும்னு கேட்டீங்களேம்மா. நாங்க எதையாவது தப்பாச் சொல்லிட்டோமா?"

இல்லை என்று அவள் தலையசைத்தாள். வெளியே இரும்பு அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குப் போனார்கள்.

கோடை விடுமுறைக்குப் பிறகு அந்தப் பள்ளி திறக்கவில்லை. பிள்ளைகளில் சிலர் நெடுஞ்சாலைப் பள்ளிக்குப் போனார்கள். சிலர் எங்குமே போகவில்லை. அவர்கள் எந்த அட்டவணையிலும் வரவில்லை. சலவைக் கடைப் பெண்ணின் மகள் அம்மாவோடு கடைக்குப் போய்த் துணி பிரிப்பதாகச் சொன்னார்கள். அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். பேச்சை நிறுத்திவிடவில்லை. போனால் டீ போட்டுக் கொடுப்பாள், மழை வருமா என்பாள், மூட்டுவலியைச் சொல்வாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுவதுபோல அவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசினாள். ஒருநாள் இவள் பொறுக்கமாட்டாமல், "என்னை நாலு திட்டுத் திட்டிடேன்க்கா" என்று அழுதுவிட்டாள். அக்கா சர்க்கரையை டீயில் கலக்கியபடியே, "உன்னைத் திட்டி என்னடி ஆகப்போகுது" என்றாள்.

கடைசிப் பள்ளி கணக்கிலிருந்து கழன்றதும் மாவட்டத்தின் சராசரி தானாக ஏறியது. பாராட்டுக் கேடயம் வந்தது. கேடயத்தை இயக்குநர் அவள் கையிலேயே கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். மறுபடியும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். உங்களை மாதிரி அனுபவசாலியை விட முடியாது என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். குழாயை அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிசெய்தார். அவள் கவனிக்கவேயில்லை.

இப்போது அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கான சுற்று. பட்டறைத் தெரு போலவே ஒரு தெருவில், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியை ஒருத்தி, கூட்டம் கலைந்தபின் அவளைப் பின்தொடர்ந்து வந்தாள். சின்ன வயது. கையில் பிள்ளைகளைத் தானே சோதித்து எழுதிய தாள்.

"மேடம், எங்க நிலைமை ரொம்ப மோசமா இருக்கு. உண்மையை அப்படியே அனுப்பட்டுமா? அனுப்பினா உதவி கிடைக்குமா?"

இலக்கு டீச்சர் சார்ட் அட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருளுக்கு ரப்பர் பேண்டை மாட்டினாள்.

"மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் எவ்வளவு போடுறாங்கன்னு விசாரிச்சுக்கோங்க" என்றாள். "அதை ஒட்டியே போட்டுடுங்க."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். மெல்ல அந்தச் சின்னவளின் முகம் தெளிந்தது. "நல்லவேளை கேட்டேன். ரொம்ப நன்றி மேடம்" என்றாள், மனதார.