கிணற்றின் கடைசித் தண்ணீர்

காலையில் கிணற்றிலிருந்து இறைக்கும் முதல் வாளித் தண்ணீரைக் கீரைக்காரி நேராகப் பாத்திக்குக் கொண்டுபோக மாட்டாள். வாளியைக் கிணற்று விளிம்பில் வைத்து, நடுவிரலை நனைத்து, நுனிநாக்கில் வைப்பாள். கண்ணை மூடி ஒரு நொடி நிற்பாள். அதற்குப் பிறகுதான் வாளி நகரும். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த வருஷத்திலிருந்து பதினெட்டு வருஷமாக இதே கதைதான். காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாட்களில்கூட ஒரு டம்ளரில் கொண்டுவரச் சொல்லி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அவள் கணவன் படகுத்துறையில் சரக்கு இறக்குகிறவன். அவனுக்கு இது பெரிய வேடிக்கை. "ஊர்ல எல்லாரும் நாக்கை வச்சுப் பேசுறாங்க. எங்க வீட்ல மட்டும் நாக்கை வச்சு வேலை பார்க்கிறாங்க" என்று துறையில் சொல்லிச் சிரிப்பான். அதில் பொய்யில்லை. கீரைக்காரி நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அது சேதி.

நாக்கில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. அவள் தோட்டத்திலிருந்து கிழக்கே பத்து நிமிஷம் நடந்தாலும் கடல், மேற்கே பத்து நிமிஷம் நடந்தாலும் கடல். அடியிலும் கடல்தான். பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, அந்த உப்புத் தண்ணீரின் தலைமேல் மெல்லிய படலமாக நிற்கிறது. கிணறு தொடுவது அந்தப் படலத்தைத்தான். பதமாக இறைத்தால் வருஷம் முழுக்க நல்ல தண்ணீர். அவசரப்பட்டு உறிஞ்சினால் அடியில் கிடப்பது மேலே ஏறி வந்துவிடும். வந்தது லேசில் திரும்பிப் போகாது.

கிழக்குப் பக்கம் அப்படி ஒரு தோட்டம் கிடக்கிறது. கிணறு உப்பான மறு வருஷமே அந்த வீட்டுக்காரர்கள் படகேறிப் போய்விட்டார்கள். போகும்போது அந்த வீட்டு அம்மா துறையில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததையும், வழியனுப்ப வந்தவர்களிடம் "கதவைப் பூட்டினேனா, பூட்டலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதையும் கீரைக்காரி கூட்டத்தில் நின்று பார்த்தாள். இப்போது அங்கே தென்னையும் தாழம்புதரும்தான்.

கீரைக்காரியின் கிணறு அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. அவள் தோட்டத்துக்கும் ஓரகத்தி தோட்டத்துக்கும் நடு எல்லையில் அது நிற்கிறது. கணவனின் அண்ணன் கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டார். ஓரகத்தி ஒற்றை ஆளாக மிளகாயும் கத்தரியும் போட்டு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் குளிக்க, குடிக்க, பயிருக்கு எல்லாமே அந்த ஒரு கிணறுதான். கீரைக்காரி பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள் ஓரகத்தி.

போன வருஷம் மேற்குக் கடற்கரை ஹோட்டலிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். சமையலறைக்குக் காய்கறி வாங்குகிறவர். ஹோட்டலில் எல்லாரும் அவரை பர்ச்சேஸ் சார் என்பார்கள். தீவிலும் அதுவே பெயராகிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் பச்சையாகத் தின்னும் சாலட் இலை ஹோட்டலுக்குப் படகில்தான் வந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் வெந்து, துவண்டு, பாதி குப்பைக்குப் போகும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. கீரைக்காரி தன் கீரை, புதினா, கொத்தமல்லிக்கு நடுவில் நாலு பாத்தியில் அந்த இலையைச் சும்மா போட்டுப் பார்த்திருந்தாள். தென்னை நிழலில் அது தளதளவென்று நின்றது.

பர்ச்சேஸ் சார் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

"வாரத்துல மூணு நாள். நாளுக்குப் பன்னிரண்டு பெட்டி. காலையில ஏழு மணிக்குள்ள சமையலறை வாசல்ல இருக்கணும். ஒரு தடவை தவறினா ஏன்னு கேப்பேன். ரெண்டாவது தடவை தவறினா கேக்க மாட்டேன். பேசாம படகுலயே வரவழைச்சுக்குவேன். சம்மதமா?"

கீரைக்காரி தலையை ஆட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லுங்கம்மா."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓரகத்தி குரல் கொடுத்தாள். "சார், அவ தலையாட்டினா பத்திரத்துல கையெழுத்து போட்ட மாதிரி. நீங்க தைரியமா போங்க."

நாலு பாத்தி பதினாலு ஆனது. வாளி இறைத்துக் கட்டுப்படியாகவில்லை. கணவன் துறையில் ஒரு பழைய படகிலிருந்து கழற்றிப் போட்டிருந்த தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தூக்கிவந்து, பழுது பார்த்து, கிணற்று மேடையில் உட்கார வைத்தான். ஒருவித இருமலோடு அது ஓடியது. கீரைக்காரிக்கு முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. குழாயில் வந்த முதல் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். இனிப்பு. மறுநாளும் இனிப்பு. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். நாக்கு சரி என்று சொன்ன பிறகு என்ன பயம்? காலையில் ஒன்றரை மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சினாள்.

மூன்றாம் மாதம் இலைகளின் ஓரம் தீய்ந்தது. நெருப்பில் காட்டி எடுத்த காகிதம் மாதிரி மெல்லிய பழுப்புக் கோடு. வெயில் என்று நினைத்தாள். பழைய மீன்வலையை மடித்துப் பந்தல் போட்டாள். நிற்கவில்லை. எருவின் சூடு என்று நினைத்தாள், எருவை நிறுத்தினாள். நிற்கவில்லை. சூடு தணியட்டும் என்று சாயங்காலமும் அரை மணி நேரம் தண்ணீர் விட்டாள். கோடு இன்னும் அகலமானது.

பன்னிரண்டு பெட்டி நிரப்ப, முன்பு எட்டுப் பாத்தி அறுத்தால் போதும். இப்போது பழுத்ததைக் கழித்துக் கழித்துப் பதினொன்று அறுக்க வேண்டியிருந்தது. ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பர்ச்சேஸ் சார் மேல் இலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் கிளம்பிவிடுவாள். ஒருநாள் அவர் கூப்பிட்டு, "என்னம்மா, இலை கொஞ்சம் சின்னதா இருக்கே?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் ஓரகத்திக்கும் பால்காரருக்கும் சண்டை வந்தது.

"நாலு நாளா உங்க பால் திரிஞ்சு திரிஞ்சு போகுது. காலையில பத்து மணிக்கு ஒரு வாய் டீ குடிக்கவிடாம பண்றீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"அம்மா, இதே பாலைத்தான் தெரு முழுக்க ஊத்துறேன். ஒரு வீட்லயும் திரியல. உங்க அடுப்புக்கு மட்டும் என் மேல என்ன கோபம்?"

"அடுப்பு மேல பழி போடுற உங்களுக்கு உங்க மாடே தேவலாம். அது வாயைத் திறக்காது."

"அப்ப தண்ணிய மாத்திப் பாருங்க. உப்புத் தண்ணி பட்டாலும் பால் திரியும். பாலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி எங்கம்மா அதைத்தான் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஓரகத்தி விடுகிற ஆள் இல்லை. மோட்டார் நின்ற கையோடு கிணற்றில் வாளியை விட்டு ஒரு டம்ளர் மொண்டு வேலிக்கு மேலே நீட்டினாள்.

"இந்தா. நீதான் நாக்குக்காரி. பார்த்துச் சொல்லு."

கீரைக்காரி விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. உப்பு. கடல் அளவுக்கு இல்லை. கண்ணீர் உதட்டில் வழிந்தால் தெரியுமே, அந்த அளவு. காலையில் இதே கிணற்றுத் தண்ணீர் இனித்தது. ஓரகத்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் தெரியலக்கா" என்றாள் கீரைக்காரி.

"தெரியலையா? அப்ப அந்த ஆளு பால்லதான் என்னமோ இருக்கு. நாளைக்கு வரட்டும், சொல்றேன்."

அன்றைக்குப் பகல் முழுக்கக் கீரைக்காரிக்குக் கை ஒரு வேலையில் நிற்கவில்லை. களை பிடுங்குகிறேன் என்று நாற்றைப் பிடுங்கினாள். தான் எங்கே கோட்டை விட்டோம் என்பது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. இரவெல்லாம் அசையாமல் கிடக்கும் கிணற்றில், அடியில் ஏறிய உப்பு மெல்ல இறங்கிவிடுகிறது. மேலே நல்ல தண்ணீர் தேங்குகிறது. அவள் ருசி பார்த்தது அதை மட்டும்தான். வாளி இறைத்த காலத்தில் முதல் வாளிக்கும் கடைசி வாளிக்கும் வித்தியாசம் இருந்ததில்லை. மோட்டார் வந்த பிறகு முதல் தண்ணீர் வேறு, கடைசித் தண்ணீர் வேறு. மூன்று மாதமாகக் கடைசித் தண்ணீரைப் பார்க்காமலே அவள் பயிருக்கு ஊற்றியிருக்கிறாள்.

மறுநாள் சோதித்துப் பார்த்தாள். மோட்டார் போட்டதும் ஒரு தடவை, கால் மணிக்கு ஒரு தடவை என்று விரலை நனைத்தாள். முதல் கால் மணி இனிப்பு. அரை மணியில் ஏதோ ஒரு சந்தேகம். முக்கால் மணியில் உப்பு. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்று மேடையில் அப்படியே உட்கார்ந்தாள். பாதிப் பாத்தி காய்ந்து கிடந்தது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் பர்ச்சேஸ் சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"நல்ல சேதிம்மா! அடுத்த வாரம் பெரிய கூட்டம் வருது. நாலு நாளைக்குத் தினம் இருபது பெட்டி வேணும். இதை மட்டும் நீங்க தவறாம குடுத்துட்டா, அப்புறம் வருஷம் பூரா தினசரி ஆர்டர் உங்களுக்குத்தான். நான் மேலிடத்துல பேசிட்டேன்."

நாலு நாள்தானே என்று மனசு சொல்லியது. நாலு நாள் மோட்டாரை இஷ்டத்துக்கு ஓடவிட்டு, சின்ன இலையையும் சேர்த்து அறுத்தால் இருபது பெட்டி தேற்றிவிடலாம். பிறகு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஆர்டர் வந்த பிறகு யார் நிறுத்துவது? அவள் தலை தானாக அசையப் பார்த்தது. கழுத்தைப் பிடித்து நிறுத்துவது போல நிறுத்தினாள்.

"சாயங்காலம் சொல்றேன் சார்."

பர்ச்சேஸ் சார் ஆச்சரியமாகப் பார்த்தார். அவள் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அவர் போனதும் நேராக ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். ஓரகத்தி அடுக்களையில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து பார்த்த தண்ணி உப்பு."

"நேத்து தெரியலைன்னியே?"

"பொய் சொன்னேன்."

ஓரகத்தி கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள்.

"பதினெட்டு வருஷமா வாயைத் திறக்காம இருந்துட்டு, திறந்ததும் முதல்ல வந்தது பொய்யா? அந்தப் பால்காரரை நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா? என் கத்தரியும் அதே தண்ணிதானடி குடிக்குது. கிழக்குத் தோட்டம் மாதிரி ஆச்சுன்னா நீ உன் புருஷனோட போயிடுவ. நான் யாரோட போவேன்?"

கீரைக்காரி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ஓரகத்தி தேற்றவில்லை. ஆனால் மிளகாய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"எழுந்திரு. ஹோட்டலுக்குப் போவோம். தனியா போனா அங்கேயும் தலையாட்டிட்டு வந்துடுவ."

ஹோட்டல் சமையலறையின் பின்வாசலில் காலிப் பெட்டிகளும் பெரிய குளிர்பெட்டியின் உறுமலும். பர்ச்சேஸ் சார் கையில் கணக்கு எழுதும் அட்டையோடு வந்தார். ஓரகத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனாள். அதற்குள் கீரைக்காரி பேசிவிட்டாள்.

"இருபது பெட்டி முடியாது சார். பன்னிரண்டும் முடியாது. கிணறு உப்பேறுது. இதுக்கு மேல இறைச்சா கிணறு போயிடும். ஆறு பெட்டி தரலாம். சாலட் இலை வேணாம், அது தண்ணி அதிகமா கேக்குது. புதினா, கொத்தமல்லி தரேன். அது படகுல வந்தா கறுத்துப்போகுது. உங்களுக்கும் தெரியும்."

பர்ச்சேஸ் சார் அட்டையால் தொடையைத் தட்டிக்கொண்டார். "என்னம்மா, மேலிடத்துல பேசிட்டேன்னு சொன்னேனே. இப்ப நான் என்ன பண்ண?"

"உப்புக் கீரையைக் குடுத்துட்டு அப்புறம் முழிக்கிறதுக்கு இப்பவே சொல்றது நல்லதில்லையா சார்?" என்றாள் ஓரகத்தி. அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார். ஒன்பது நாள் எந்தத் தகவலும் இல்லை. பெரிய கூட்டத்துக்குச் சாலட் இலை படகில் வந்து இறங்கியது. கணவன்தான் அந்தப் பெட்டிகளைத் துறையில் இறக்கினான். ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் கீரைக்காரி வேலிக்கு ஓடினாள். பத்தாம் நாள் ஹோட்டல் சமையலாள் ஒருவர் வந்து, "வாரத்துக்கு ரெண்டு நாள், ஆறு பெட்டி. புதினா, கொத்தமல்லி மட்டும். சார் சொல்லச் சொன்னார்" என்றார்.

கணவன் மோட்டாரின் உறிஞ்சு குழாய் முனையை ஒரு காலி டப்பாவில் கட்டி மிதக்கவிட்டான். இப்போது அது மேல் தண்ணீரை மட்டும் எடுக்கிறது. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிறவள் ஓரகத்தி. இரண்டு வீட்டுக் கூரையிலும் தகரத்தை வளைத்துக் கட்டி, மழைத் தண்ணீர் பிடிக்கத் தொட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டி இன்னும் காலி.

பதினாலு பாத்தியில் ஆறில் பயிர் நிற்கிறது. எட்டு, காய்ந்த தென்னோலைக்கு அடியில் சும்மா கிடக்கிறது. மோட்டார் நின்ற பிறகு எடுக்கும் தண்ணீரையும் இப்போது கீரைக்காரி நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். உப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. ஓரகத்தியின் கத்தரி பிழைத்துக்கொண்டது, மிளகாயில் பாதி போய்விட்டது. ஹோட்டல் இந்த மாதம் வரைக்கும் எடுத்துக்கொள்கிறது. அடுத்த மாதத்தைப் பற்றி பர்ச்சேஸ் சார் எதுவும் சொல்லவில்லை. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.