பிள்ளைக்குத் தாய் எங்கே?

போன மாதம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடிக்கிற அதே ஆள்தான். ‘என் போட்டோவெல்லாம் வேண்டாம் சார்’ என்று ஆசிரியரிடம் பந்தாவாகச் சொன்னவனும் நான்தான். அன்றைக்குத்தான் அதற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன்.

என் மனைவிக்கு மஞ்சள் காமாலை. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். எங்கள் ஐந்து மாதப் பெண் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். புட்டிப்பால் ஒருவாறு பழகியதும், சங்கரன்கோவிலில் இருக்கும் என் அக்காவிடம் குழந்தையைக் கொண்டுபோய் விடுவதென்று முடிவு. வருகிறேன் என்று அக்காவுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு கையில் குழந்தை. மறு கையில் பை. பைக்குள் பால் பவுடர் டப்பா, கொதிக்கவைத்த பாட்டில் இரண்டு, பிளாஸ்க் நிறைய வெந்நீர்.

மனைவி கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். “வெளித் தண்ணி ஒரு சொட்டு சேர்க்காதீங்க. யார் கேட்டாலும் பிள்ளையைக் கையில குடுக்காதீங்க. யாரையும் நம்பாதீங்க.”

நம்பவில்லை. பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒருத்தரையும் நம்பவில்லை. முன்சீட்டுக்காரர் இருமினார் – காச நோயோ? பக்கத்தில் ஒருவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார் – எதற்குச் சிரிக்கிறார்? பிஸ்கட்டில் மயக்க மருந்து வைத்துக் கொடுக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு வேறு.

ராஜபாளையத்தில் ஒரு அம்மாள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் பெரிய ஒயர் கூடை. உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“எங்கன இருந்து வாறிய?”

“மதுரை.”

“பிள்ளைக்குத் தாய் எங்க?”

“வரல.”

“ஏன்?”

ஏன் என்று இவருக்கு எதற்கு? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குழந்தை சிணுங்கியது. “இங்கன தாங்க, செத்த நேரம் நான் வச்சிருக்கேன்” என்று கையை நீட்டினார். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து எனக்கு நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறியது. அதற்கப்புறம் பேசவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே வந்தார்... நான் அவரைப் பார்க்கிறேனா என்று அவரும், அவர் குழந்தையைப் பார்க்கிறாரா என்று நானும்.

இந்த அழகில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. பை சரிந்து விழுந்தது. எடுத்துப் பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி கலகலவென்றது. போயிற்று வெந்நீர்.

பசி நேரம் தாண்டிவிட்டது. சங்கரன்கோவிலில் இறங்கும்போது குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அத்தான் வந்து நிற்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை. (கார்டு மறுநாள்தான் வந்து சேர்ந்ததாம்.) அக்கா வீட்டுக்கு இருபது நிமிஷம் நடக்கவேண்டும். அதுவரை இந்த அழுகை தாங்குமா? எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, கொஞ்சம் வெந்நீர். நல்லாக் கொதிச்ச தண்ணிதானே?”

“கொதிச்சதுதான்.”

“எந்தத் தண்ணி? கிணறா, குழாயா?”

“தண்ணி தண்ணிதான் சார்” என்றார் டீ மாஸ்டர், எரிச்சலாக.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல். “இவருதான். ராஜபாளையத்துல இருந்து பாத்துக்கிட்டே வாறேன். பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு முழிச்ச முழியே சரியில்ல. பக்கத்துல உள்ள மனுசிகிட்ட ஒரு நிமிசம் குடுக்கப் பயப்படுதாரு.”

ஒயர் கூடை அம்மாள். கூட இரண்டு ஆண்கள். நான் நிமிர்வதற்குள் அது நாலு, ஆறு ஆகிவிட்டது.

“நில்லும்வே. யாரு பிள்ளை இது?”

“என் பிள்ளைதான்!”

“தாய் எங்க?”

“ஆஸ்பத்திரியில.”

“பிள்ளை பேரு என்ன?”

ஒரு விநாடி இழுத்தேன். பெயர் வைத்தது ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, என் அம்மா பிடிவாதமாகச் சொல்வது வேறொன்று. அந்த ஒரு விநாடி போதாதா?

“பாத்தியளா, பேரு தெரியல” என்றார் ஒருவர். “ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவோம்” என்றார் இன்னொருவர்.

என் பிள்ளை என்னுடையது என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? யோசித்துப் பாருங்கள். தாய் என்றால் மார்போடு அணைத்தாலே போதும், யாரும் கேட்கமாட்டார்கள். தகப்பன் எதைக் காட்டுவது? ரேஷன் கார்டையா? அதில்கூட இன்னும் பெயர் சேர்க்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். வாங்கினார் என்ன, பறித்தார். தோளில் போட்டு முதுகைத் தட்டினார். பாவிக் குழந்தை... சட்டென்று அழுகையை நிறுத்தியது! கூட்டம் என்னை ஒரு பார்வை பார்த்ததே, அதை நான் மறக்கமாட்டேன். அவரை ஒட்டியே நின்றுகொண்டேன். அடிக்குப் பயந்து அல்ல. இவர் இப்படியே பிள்ளையோடு நடந்து போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஒரு நிமிஷத்தில் மறுபடி அழுகை. முன்னைவிடப் பலமாக.

“ஸ்டேஷன் எங்கயும் போயிராது. முதல்ல பிள்ளைக்குப் பாலைக் கலக்கும், பாப்போம்” என்றார் அம்மாள். டீ மாஸ்டரிடம் திரும்பினார். “நீரு அந்தத் தண்ணிய இன்னொரு கொதி வையும்.”

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரு கட்சி!

பாட்டிலை வெந்நீரில் அலசினேன். பவுடரைக் கரண்டியில் அள்ளி, தலை தட்டிப் போட்டேன். ஐந்து கரண்டி. கூட்டம் கரண்டியையே பார்த்தது. எண்ணிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. குலுக்கி, பச்சைத் தண்ணீர்க் குவளையில் பாட்டிலை நிறுத்தி ஆறவைத்தேன். அவ்வளவு நீளமான ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சரி.

“இங்க குடும்” என்று பாட்டிலை வாங்கி அம்மாளே புகட்டினார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தார். துப்பியது. உடம்பெல்லாம் சிவக்கக் கத்தியது.

“அம்மா, அப்படிக் குடிக்கமாட்டா” என்றேன். “இடது கையில படுக்க வைக்கணும். காதைத் தடவிக்கிட்டே குடுக்கணும். பத்து நாளா ராத்திரியும் பகலும் நான்தாம்மா குடுக்கேன்...”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குழந்தையை என் கையில் வைத்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து, காது மடலைத் தடவினேன். இரண்டு விம்மல். அப்புறம் காம்பைக் கவ்விக்கொண்டு மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தாள். ஒரு கை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

“சரிதான், தகப்பன்தான்” என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. டீ மாஸ்டர் கேட்காமலே எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

அம்மாள் மட்டும் போகவில்லை. “பிள்ளைய எங்க கொண்டு போறிய?” என்றார். அக்கா வீடு என்று தெருவோடு சொன்னேன். “வாங்க, நானும் வாறேன்.” சந்தேகம் இன்னும் தீரவில்லை! என் பையை அவரே எடுத்துக்கொண்டார். அக்கா கதவைத் திறந்து, “ஏட்டி, என் தங்கமே!” என்று குழந்தையை வாரிக்கொண்ட பிறகும், “இது உங்க தம்பிதானா?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்னைப் பார்த்தா அப்படியாம்மா தெரியுது?” என்றேன்.

அவர் வாசலிலேயே நின்றார். “ரெண்டு வருசம் முந்தி கோயில் கூட்டத்துல இப்படித்தான் ஒரு ஆளு, அழுத பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனாரு. எனக்கு மனசுல பட்டுது. நமக்கு எதுக்கு வம்புன்னு பஸ் ஏறிட்டேன். அவரு தகப்பனாவே இருந்திருக்கலாம். ஆனா நான் கேக்கலியே தம்பி... கேட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.”

நானும் அன்று முழுக்கச் சந்தேகப்பட்டேன் – என் பிள்ளையை மற்றவர்களிடமிருந்து தள்ளிவைக்க. அவரும் சந்தேகப்பட்டார் – யாரோ பெற்ற பிள்ளைக்காக, தான் வந்த வேலையை விட்டுவிட்டு, ஆறு பேரைக் கூட்டி. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லுகிறோமே, சரியா?

அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

இப்போது மனைவி உடம்பு தேறி, குழந்தையும் வீட்டுக்கு வந்தாயிற்று. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்த அம்மா பேர் என்ன?”

என்னை அவர் அத்தனை கேள்வி கேட்டார். அவரைப் பற்றி நான் ஒன்றாவது கேட்டேனா?