சன்னலோர இடம்

காற்று வேண்டும் என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றே வேண்டாம் என்று சண்டை போட்டு ஜெயிலுக்குப் போனவர் ஆரணியில் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு காய்ந்து பட்டு இழை அறுந்துவிடுமாம். அதனால் தறி அறையின் சன்னலை எப்போதும் சாத்தியே வைப்பார். அதே அறையில் இன்னொரு தறியில் நெய்த அவருடைய பெரியப்பா மகனுக்கோ புழுக்கம் தாங்காது. அண்ணன் திறப்பார், இவர் சாத்துவார். ஒருநாள் இழை அறுந்த கோபத்தில் கைக்குக் கிடைத்த கட்டையால் இவர் அடித்துவிட்டார். அண்ணன் மண்டையில் தையல், இவருக்கு ரிமாண்ட். சன்னலுக்கு ஆணி அடித்துவிட்டுத்தான் போலீஸ் ஜீப்பிலேயே ஏறினார்.

மனு போட்டுப் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் பெருமையாக நின்றார். உள்ளே இடத்துக்கு மேல் ஆட்களாம், திரும்பிப் படுத்தால் அடுத்தவர் மூச்சு முகத்தில் படுமாம். சன்னலோர இடத்துக்கு அடிதடியே நடக்குமாம். அந்த இடம் தானாக வந்து இவருக்குக் கிடைத்திருக்கிறது.

"காத்து நமக்கு ஆவாதுன்னு வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டு மூலைக்குப் போயிட்டேன்" என்றார்.

மூலையில் பக்கத்துப் படுக்கைக்காரர் ராத்திரியெல்லாம் இருமுவாராம். ஆனால் நல்ல மனுஷனாம். பட்டில் நாற்றம் ஏறும் என்று கல்யாணத்துக்கு முன்பே இவர் விட்டிருந்த பீடியை அந்த நல்ல மனுஷன்தான் மறுபடி பழக்கிவிட்டிருந்தார்.

ஜாமீனில் வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. இருமலும் கூடவே வந்தது. தூசி என்றார், அப்புறம் சூடு என்றார். சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். டிபி என்றார்கள்.

மூலைக்குப் போன கதையை நர்ஸம்மாவிடமும் பெருமையாகவே சொன்னார். அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அடைசலான இடத்தில், இருமுகிறவர் பக்கத்தில், இளைத்த உடம்போடு, பீடியும் பிடித்துக்கொண்டு கிடந்தால் வேறு என்ன வரும் என்று கேட்டார். வீட்டில் எங்கே படுக்கை என்றதற்குத் தறி அறையில்தான், எங்கள் பெண்ணும் அங்கேதான், சன்னலுக்கு ஆணி அடித்திருக்கிறது என்று நான்தான் சொன்னேன். பெண்ணையும் சோதித்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

"இப்ப இல்லங்க. அந்த ரூம அப்பிடியே மூடி வெச்சிகினு இருந்தா நாளைக்கு நான் கேரண்டி இல்ல" என்றார் நர்ஸம்மா.

பெண்ணை முன்னறைக்கு மாற்றினேன். இவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். சன்னல் என்றால் மட்டும், இந்தப் புடவை முடியட்டும் என்பார். அது முடிந்தால் அடுத்தது தொடங்கியிருக்கும். எனக்கு எரிச்சலைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சுத்தியலோடு வந்தார். அடிபட்ட பிறகு எங்கள் வாசலை அவர் மிதித்தது அன்றுதான். நேராகச் சன்னலுக்குப் போய் ஆணிகளைப் பிடுங்கினார். இவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தபடி நெய்துகொண்டே இருந்தார். காற்று வந்தது. ஓர் இழையும் அறுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

அண்ணன் வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கே தொறக்க உட்டிருந்தா என் மண்டையும் உன் நெஞ்சும் நல்லா இருந்திருக்கும்டா" என்றார்.

இவருக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடங்கியதும், அறுந்த இழையை முடிந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"என் பக்கத்துல ஒக்காராத அண்ணே. சன்னலாண்ட போயி ஒக்காரு."