டெனிஷாவின் இடது கையும் சங்கத்தின் சாத்திரமும்

டெனிஷா இடது கையால் கரண்டி பிடித்தபோது கொட்டாஞ்சேனை வீட்டில் யாரும் பதறவில்லை. பதறுவதற்கென்றுதான் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றனவே. முதலாம் வகுப்பு ஆசிரியை அவளுடைய இடது மணிக்கட்டைக் கைக்குட்டையால் கதிரையோடு கட்டி வைத்து, ஒரு பிள்ளையைத் திருத்திய புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டார். எழுத்து மட்டும் வலது கைக்குப் போனது. மற்றதெல்லாம் இடது கையிலேயே தங்கிவிட்டது.

இன்று அவள் வெள்ளவத்தையில், காலி வீதியில் பரிசுக் கேடயங்கள் விற்கும் கடை ஒன்றின் பின்னறையில் உலோகத்தில் பூவும் கொடியும் வெட்டுகிறாள். எழுத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வளைவு வேண்டுமென்றால் டெனிஷாவிடம் வரவேண்டும். ஓய்வுபெறும் முகாமையாளர்களின் அப்பழுக்கற்ற சேவையைச் சுற்றி அவள் வெட்டிய கொடிகளை நீட்டிக் கட்டினால் முகத்துவாரம் வரை போகும். அத்தனை அப்பழுக்கற்றவர்கள் இருந்தும் நாடு ஏன் இப்படி இருக்கிறது என்பது அவளுக்கும் விளங்கவில்லை.

அவளுக்கு ஒரே ஆசை, பொறிப்பு வேலையாளர் சங்கத்தில் சேரவேண்டும். நல்ல வேலைகள் சங்கத்தின் வழியாகத்தான் வரும். கேட்கும்போதெல்லாம் தலைவர் சிவபாதசுந்தரம் ஒரே பதிலைச் சொன்னார்.

"பிள்ளை, இடக்கை வெட்டில வரி மற்றப் பக்கம் சாயும். சாத்திரத்துக்கு ஆகாது."

"எந்தச் சாத்திரம் தலைவர்?"

"பரம்பரையா வாறது."

தலைவரின் தகப்பனார் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். பரம்பரை எங்கிருந்து புறப்பட்டு எந்தத் தபாலில் வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்படியிருக்கையில், பழைய ஆயுதங்களை வைத்திருக்கும் தனியார் நூதனசாலை ஒன்று, தன்னிடமுள்ள அலங்காரக் கத்திகளின் பிரதிகளைச் செய்து விற்க முடிவெடுத்தது. கைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு சங்கத்துக்கு. ஆனால் முதலில் அசலைப் பார்க்க வரும்படி பொறுப்பதிகாரி நிம்றா ஊரிலுள்ள பொறிப்பாளர் எல்லோரையும் அழைத்துவிட்டாள். சங்கத்தின் வேலியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். டெனிஷாவும் போனாள்.

வாசலில் காவலாளி எல்லோருடைய உளிகளையும் வாங்கி வைத்துக்கொண்டான். ஆட்களை இரண்டாகப் பிளக்கும் வாள்களைக் காப்பாற்றுவதற்காகச் சுண்டுவிரலளவு உளிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

உள்ளே கத்திகள் வெல்வெட்டில் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விளக்க அட்டை. கத்தியைக் கொடுத்த மன்னனுக்குப் பெயர் இருந்தது, வாங்கிய தளபதிக்குப் பெயர் இருந்தது, அதால் குத்துப்பட்டுச் செத்த பாவிக்குக்கூடப் பெயர் இருந்தது. மாதக்கணக்கில் குனிந்திருந்து அதில் கொடி வெட்டியவனுக்கு மட்டும் 'அறியப்படாதவர்'.

நிம்றா எல்லோருக்கும் கையுறை கொடுத்து, தானும் போட்டுக்கொண்டு, கண்டி இராச்சிய காலத்துக் கத்தி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அலகின் பாதிவரை கொடிகள் ஓடின. நடுநடுவே வெள்ளி இழை.

"முதல் பிரதி இதுதான் சேர். எங்கட முதலாளிக்கு மிச்சம் விருப்பம்."

தலைவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "பாத்தியளோ! இதுதான் சாத்திரப்படி வெட்டின வலக்கை வேலை," என்று அறிவித்துவிட்டு, உளி பிடிப்பதுபோல வலது கையைக் குவித்தார்.

இன்னொருவர் வெட்டியதைப் படிக்கவேண்டுமென்றால் பொறிப்பாளர்கள் அதன் மேலே உளியில்லாத கையைக் காற்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். வெட்டியவன் எங்கே தொடங்கினான், எங்கே அழுத்தினான், எங்கே விட்டான் என்று மணிக்கட்டு சொல்லிவிடும். தலைவரின் மணிக்கட்டு முதல் சுருளில் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவதில் முழங்கை அவருடைய வயிற்றிலேயே இடித்தது. விலகி நின்று மறுபடி ஓட்டினார். மறுபடியும் வயிறு. வேலையில் மூழ்கிய மனிதன் பாவம், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டார். வலது கை மெல்லக் கீழே இறங்கியது. இடது கை எழும்பியது. கொடி முழுவதும் ஒரே மூச்சில் ஓடி முடிந்தது.

"ஆகா! என்ன ஓட்டம்!"

மேசையைச் சுற்றியிருந்த கண்களெல்லாம் அந்த இடது கைக்குப் போயின.

கொட்டாஞ்சேனையில் மோதிரம் வெட்டும் பஸீர்தான் முதலில் வாய் திறந்தார். "தலவர், ஒங்கட கை மாறிட்டுது."

தலைவர் தன் இடது கையை, யாரோ தெருவில் தவறவிட்ட பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வலக்கை சுளுக்கு," என்றார்.

டெனிஷா லென்ஸை நீட்டினாள். "இலையில வெட்டு எந்தப் பக்கம் சாயுது எண்டு பாருங்க. கத்திக்குமா சுளுக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சாய்வு மாறவில்லை.

"அரண்மனையில வேலை செய்தவன். அவனுக்கு விதிவிலக்கு இருந்திருக்கும்."

"ஆர் குடுத்தது? உங்கட சங்கமா?"

பஸீர் இருமுவதுபோலச் சிரித்தார். இந்தக் கத்தியை யார் வெட்டப்போகிறார்கள் என்று நிம்றா ஒன்றும் அறியாதவள்போலக் கேட்டாள். தலைவர் டெனிஷாவை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீயே வெட்டித் தா. பேரை மட்டும் சங்கத்தின்ர தலைவர் எண்டு என்ர பேரில விடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்கு அந்தக் கத்தி வேண்டும். அவளுடைய விரல்கள் ஏற்கெனவே அந்தக் கொடியில் பாதி தூரம் போய்விட்டன. மாட்டேன் என்றால் மறுபடியும் முகாமையாளர்கள்தான். அவள் வெல்வெட்டின் பக்கத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"மாட்டன் தலைவர்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "இதை வெட்டினவன் செத்தாப் பிறகு அறியப்படாதவன். நான் உயிரோட இருக்கேக்குள்ளயே ஆகோணுமா?"

கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பஸீரும் தன்னுடையதைக் கழற்றினார்.

"அப்ப நானும் இல்ல. இவவ விட்டுட்டு இத யாரு வெட்டுற? ஒங்கட எடது கையா தலவர்?"

சிரிப்பில் கண்ணாடிப் பெட்டிகள் அதிர்ந்தன. ஒவ்வொரு கையுறையாக மேசைக்கு வந்தது. ஆளில்லாத சங்கத்துக்குத் தலைவராக இருப்பதைவிடச் சாத்திரத்தைக் கொஞ்சம் வளைப்பது இலகு என்று சிவபாதசுந்தரத்துக்கு அங்கேயே ஞானம் பிறந்தது. உளிகளைத் திருப்பி வாங்குமுன்னரே டெனிஷா உறுப்பினர்.

இப்போது அந்தக் கத்தியின் பிரதிகள் நூதனசாலைக் கடையில் இருக்கின்றன. அட்டையில் அவளுடைய பெயர் இருக்கிறது. இத்தோடு எல்லாம் சரி என்று நம்புகிறவர்களுக்குச் சிவபாதசுந்தரத்தைத் தெரியாது. இடக்கை என்பது அரசவம்சத்து வரம் என்று அவர் ஊரெல்லாம் பரப்பிவிட்டார். அதுவும் பரம்பரையாக வந்த செய்திதானாம்.

போன வாரம் வெள்ளவத்தை அம்மா ஒருவர் மகளின் நிச்சயதார்த்த மோதிரத்தோடு வந்தார்.

"உங்கட இடக்கையால பேர் வெட்டினால் குடும்பம் நல்லா இருக்குமாம். தலைவர்தான் அனுப்பினவர்."

டெனிஷா உளியைக் கீழே வைத்தாள். "அம்மா, இந்தக் கையாலதான் நான் பல் விளக்குறனான். கக்கூசும் கழுவுறனான்."

அம்மா சற்று யோசித்தார்.

"அது பரவாயில்லைப் பிள்ளை. வெட்டுறதுக்கு நல்ல நேரம் எது?"