சத்தமில்லாமல் ஓடிய என் பாட்டு

நானே எழுதி மெட்டுப்போட்ட கிறிஸ்தவப் பாட்டை ஓர் இசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. எல்லா உரிமையும் அவர்களுக்கே என்ற வரியை வாசித்துத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். முழுசாகக் கேட்கிறார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அறுப்பின் பண்டிகையன்று மார்த்தாண்டத்தில் எங்கள் சபையில் அதைப் பாடினேன். வீடியோவைச் சபையார் யூடியூபில் போட்டார்கள். துபாயிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

"ஏட்டி, நீ வாயசைக்கது தெரியுது, சத்தம் கேக்கல்லியே?"

கம்பெனியில் விசாரித்தேன். "அது இப்போ எங்க பாட்டு மேடம், அதான் சத்தத்தை நிறுத்திட்டோம்" என்று மரியாதையாகவே சொன்னார்கள். யாரிடம் கோபப்பட? வாசித்துத்தானே போட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் மறுபடியும் அந்த வீடியோவை எடுத்தார். "செரி, நான் வீடியோவ ஓடவிடுதேன். நீ போன்ல பாடு."

அங்கே அசையும் என் உதட்டுக்கு, அடுக்களையில் நின்று மெல்லப் பாடினேன். அந்தப் பாட்டை அதைவிட நன்றாக நான் இன்றுவரை பாடியதில்லை.